திரும்பி வராத தூக்குப்போசிகள்

கண்ணு,

உனக்கு என் ஸலாம். உன் மேல் அமைதி உண்டாகட்டும் என்று அதற்கு அர்த்தம். அனுப்புகிறவனிடம் அது இல்லாமல் போய்ப் பல நாளாகிறது. அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "பரவாயில்லத்தா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். இந்த விஷயத்தில் நீ அப்படிச் சொல்லக் கூடாது. இன்னும் பத்து நாளில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிற அறிக்கையில் ஓர் எண்ணிக்கை தப்பு. அந்த எண்ணிக்கையை உனக்குக் கொடுத்தவன் நான். கைத்தவறாகக் கொடுக்கவில்லை, தெரிந்தே கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் ஒரு பழைய கதை. உனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஏற்காடு பஜாரில் நம் கடைக்கு வந்து, காபித்தூள் அரைக்கிற மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அன்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மிளகு கேட்டது. நான் கெட்டிக் காகிதக் கவரில் மிளகைக் கொட்டி, கவரோடு சேர்த்துத் தராசில் வைத்து நிறுத்தேன். பஜாரில் எல்லோரும் அப்படித்தான் நிறுப்பார்கள். நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அத்தா, கவரும் மிளகு வெலதானா?" என்று கேட்டாய். அந்தக் குடும்பம் சிரித்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் இருக்கும், உனக்குத் தெரியாததா? "எந்திரிச்சு ஊட்டுக்குப் போ" என்று கத்தினேன். தூறலில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ அழுதுகொண்டே நடந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் வந்தாய். என்னிடம் பேசாமல் ஒரு காலிக் கவரை எடுத்து எடைக்கல் வைக்கிற தட்டில் போட்டுவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாய். எலக்ட்ரானிக் தராசு வாங்கும்வரை அந்தக் காலிக் கவர் தட்டில் அப்படியே கிடந்தது. கத்தியதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கவரை எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான் செய்தேன்.

நீ படித்து முடித்துச் சென்னையில், பொருளும் உறையும் மண்ணுக்குச் செய்கிற கேட்டை அளக்கிற இந்த வேலைக்குச் சேர்ந்தபோது, "பொண்ணு என்ன வேலைங்க பாய் பாக்குது?" என்று பஜாரில் கேட்காதவர் இல்லை. "பொருள எல்லாரும் நிறுப்பாங்க, எம் மக அது வர்ற கவர நிறுக்கறா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பிடித்துப்போனது. லீவுக்கு வந்தால் நீ வீட்டில் ஒரு பிஸ்கட் உறையைக்கூட விடமாட்டாய். எங்கே செய்தது, எந்த வண்டியில் வந்தது, எறிந்த பிறகு எங்கே போகும் என்று கேட்டுக் கேட்டு உன் அம்மாவின் உயிரை எடுப்பாய். "நான் மௌத்தானா என் கபன் துணியையும் எடை போட்டுட்டுத்தான் பொதைப்பா" என்று அவள் சலித்துக்கொண்டதை நீயும் கேட்டிருக்கிறாய். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் எனக்குப் புத்தி கெட்டது.

போன வருட நோன்பில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நம் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி ஊற்றுவோம். நோன்பு வைத்தவர், வைக்காதவர் என்று பார்ப்பதில்லை, வரிசையில் நின்றால் கஞ்சி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரம் கொண்டுவருவார்கள். பஸ் ஸ்டாண்டில் வேலை செய்கிறவர்கள், லாட்ஜ் ஆட்கள், எஸ்டேட் வேலை முடிந்து தலைச்சோலைக்கும் வாழவந்திக்கும் பஸ் ஏறப் போகிறவர்கள் எங்கிருந்து பாத்திரம் கொண்டுவருவார்கள்? அவர்களுக்குக் கவரில் ஊற்றி நூல் கட்டிக் கொடுத்தோம். கொதிக்கிற கஞ்சியைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதைப் பார்த்து நீ முகத்தைச் சுளித்தாய். மறுநாள் காலை ஏரிப் பக்கம் நடந்து போய்விட்டு வந்து, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் குரங்குகள் கவரைக் கிழித்து நக்குகிற போட்டோவை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய்.

இந்த வருடம் மூடியும் கைப்பிடியும் வைத்த நூற்றிருபது எவர்சில்வர் தூக்குப்போசி வாங்கி, பாத்திரமில்லாதவர்களுக்கு இரவல் கொடுத்து மறுநாள் திரும்ப வாங்கலாம் என்ற யோசனை உன்னுடையது. கவரா போசியா, எது மண்ணுக்கும் காற்றுக்கும் குறைந்த கேடு என்று அளந்து பார்க்கலாம், அலுவலகமும் ஒத்துக்கொண்டது என்றாய். ஜமாஅத் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது பலசரக்குக் கடை பாய்தான் முதலில் எழுந்தார். "குடுத்தா வராதுங்க. யாரு யாருன்னே தெரியாத சனங்க. உங்க பொண்ணு படிச்ச படிப்ப நம்ம கஞ்சியில எதுக்குங்க பரிச்ச பண்ணணும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நீ படித்த படிப்பைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. "ஒரு போசி கொறஞ்சாலும் என்னக் கேளுங்க. எம் பொறுப்பு" என்று சபையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

நோன்பின் முதல் வாரம் நீ இங்கே இருந்தாய். ஒவ்வொரு போசியின் பக்கத்திலும் ஒன்று முதல் நூற்றிருபது வரை எண் வெட்டியிருந்தது. பெயர் எழுதி வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வேணாந்தா. பேர் கேட்டா கஞ்சிக்கு நிக்கறவங்க கூசிப் போவாங்க. நம்பர் போதும்" என்றாய். உன்னை நினைத்து நெஞ்சு நிறைந்த நாள் அது. கணக்கையும் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். எவர்சில்வர் செய்யக் கல்லை வெட்ட வேண்டும், உலையில் உருக்க வேண்டும், சேலத்திலிருந்து மலைப்பாதையில் இருபது வளைவு ஏற்ற வேண்டும், தினமும் வெந்நீரில் கழுவ வேண்டும். அத்தனை கேட்டையும் சேர்த்தால் ஒரு போசிக்குப் பக்கத்தில் ஒரு கவர் ஒன்றுமே இல்லை. போசி திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்தக் கேடு ஒவ்வொரு நாளாகப் பங்கு பிரிந்து கவரைவிடக் குறையும். "ஒரு போசி எத்தன தடவ திரும்பி வருதுங்கறதுலதான் எல்லாமே இருக்குத்தா. அது தப்பாச்சுன்னா நான் எழுதற எல்லாமே தப்பு" என்று சொல்லிவிட்டு, தினமும் டிக் போடும் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போனாய். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

நீ போன மூன்றாம் நாள் எட்டாம் நம்பர் வரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்று 'வந்தது' கட்டத்தில் டிக் போட்டுப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். மறுநாளும் வரவில்லை. அதற்குள் முப்பத்தொன்றும் நாற்பத்தேழும் சேர்ந்துகொண்டன. முதல் நாள் வராததை எழுதியிருந்தால் இரண்டாம் நாளும் எழுதியிருப்பேன். முதல் நாள் மறைத்ததால் மறைத்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. இதற்கு நடுவில் ஒரு மதியம் நீ போன் செய்தாய். "அத்தா, இவ்ளோ சுத்தமா ஒரு கணக்கு வராது. நெசமாவே ஒண்ணுகூடவா காணாமப் போகல?" என்று கேட்டாய். கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், எதிரே பலசரக்குக் கடை பாய் நின்றிருந்தார். "நோன்பு வாயோட சொல்றேன் கண்ணு, ஒண்ணுகூட கொறயல" என்றேன். நாக்குக் கூசவில்லை. நீ அப்புறம் கேட்கவே இல்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் போசிகளை அடுக்கிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருப்பாய். சொன்னது அத்தா என்பதால் விட்டுவிட்டாய்.

அதன் பிறகு சரக்கு எடுக்கச் சேலம் போகிற நாளெல்லாம் பாத்திரக் கடைக்கும் போனேன். அதே அளவு, அதே கம்பி. பேர் வெட்டுகிறவரிடம் காணாமல் போன எண்களையே வெட்டச் சொன்னேன். "ஏனுங்க பாய், வரிசையா வெட்டச் சொல்லுவாங்க. நீங்க என்னங்க எட்டு, முப்பத்தொண்ணுன்னு தாயம் உருட்டற மாதிரி சொல்றீங்க?" என்றார். எல்லாம் பிள்ளைகள் பிறந்த தேதி என்றேன். அவர் குனிந்து வெட்டிக்கொண்டே, "நாப்பத்தேழாந் தேதியிலயுமுங்களா?" என்று கேட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். புதுசின் மினுமினுப்புப் போகத் தேங்காய் நாரும் மணலும் போட்டுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து தேய்த்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. "மகளுக்காகன்னு மட்டும் சொல்லிக்காதீங்க. சபையில விட்ட வார்த்தைக்காகத் தேய்க்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், எனக்காகவும் உனக்காகவும் பாதிப் பாதி செய்திருக்கிறேன். எந்தப் பாதி பெரிது என்று அந்த மணலைக் கேட்டால்தான் தெரியும்.

பெருநாளுக்கு மறுநாள் நீ பள்ளிவாசல் அலமாரியில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாய். நூற்றிருபதும் இருந்தன. "ஒண்ணுகூட கொறயலத்தா. நம்ம ஊர் மாதிரி ஊர் உண்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். இதை வைத்து மற்ற ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் கோயில் அன்னதானங்களுக்கும் ஆயிரக்கணக்கில் போசி வாங்கச் சொல்லி அலுவலகம் பரிந்துரைக்கப் போகிறது என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் உன் பையை மேலே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று, "தண்ணி நெறையக் குடி" என்று மட்டும் சொன்னேன்.

போன திங்கட்கிழமை வாழவந்தியிலிருந்து செல்லம்மா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவள். மஞ்சப் பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நாற்பத்தேழு. "மன்னிச்சுக்கோணுமுங்க பாய். நொம்ப நாளா வெச்சிருந்துட்டனுங்க. எங்கூட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோகப் பாத்தரமில்லீங்க, தெனமும் கவர்லதான் கட்டிக் குடுப்பேன். இது கைக்கு வந்ததும் மனசு கேக்கலீங்க. இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கிட்டோமுங்க. பள்ளிவாசல் பொருளாச்சே, வெச்சுக்கக் கூடாதுங்களே" என்றாள். அவளைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வைக்க இடமில்லை. நாற்பத்தேழு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரிந்தவள் அவள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க கொறயவே இல்லீங்களா?" என்று கேட்டாள். "தெனமும் பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவனுங்க. கேட்ருவீங்களோன்னு அவ்ளோ பயம். நீங்க தேடவே இல்லீங்களா?" என்றாள்.

அல்லா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், பலசரக்குக் கடை பாய் என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஊர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்து கொடுத்த மானத்துக்கு வைக்க இடமில்லாமல் செய்துவிட்டேன். என் தாளின்படி அவள் போசி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆகவே அவள் பட்ட பயத்துக்கும், பஸ் ஏறி வந்து திருப்பிக் கொடுத்ததற்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் இல்லை. அதற்கும் சேர்த்து என்னை மன்னித்துக்கொள்.

அவள் திட்டவில்லை. "மத்தது எங்கெங்க இருக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியுமுங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடு அலைந்தேன். நீ எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்கிறேன். நான் மாற்றி வைத்தவை மொத்தம் பத்தொன்பது. அதில் நாற்பத்தேழு திரும்பிவிட்டது. ஏழு போசிகள் தலைச்சோலையிலும் வாழவந்தியிலும் எஸ்டேட் வீடுகளில் இருக்கின்றன, தினமும் சோறு போகிறது. ஒன்றில் பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா தண்ணீர் வைத்துப் பூ நனைக்கிறாள். கேட்டதற்கு, "இது பள்ளிவாசலுதுங்களா? லாட்ஜ் வாசல்ல கெடந்துச்சுங்க" என்றாள். இரண்டு பழைய இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்தன. மீதி எட்டு எங்கே என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுது. சோறு போகிற ஏழும் கவரை மிச்சப்படுத்துகின்றனவே என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை நீ எப்படிக் கணக்கில் சேர்ப்பாயோ, சேர்க்கவே மாட்டாயோ, அது உன் படிப்பு. அந்தச் சந்தோஷத்தை வைத்து என் பொய்யைக் கழுவிவிடாதே.

நோன்பு வாயோடு சொன்ன பொய்யை என்ன செய்வது என்று பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் என்னைவிட எத்தனையோ வயது சின்னவர். "நோன்பு வைங்க, ஏழைக்குச் சாப்பாடு போடுங்க. அது உங்களுக்கும் அல்லாவுக்கும். யாரை நம்ப வெச்சீங்களோ அவங்ககிட்ட உண்மையச் சொல்றதுக்கு மட்டும் பதிலா எதையும் செய்ய முடியாதுங்க அத்தா" என்றார். நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சபையில் எழுந்து சொல்லிவிட்டேன். பலசரக்குக் கடை பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அடுத்த வருசமும் போசிப் பொறுப்பு நீங்களே பாருங்க. ஆனா எண்ணறது நான்" என்றார். அந்த ஏழு வீட்டுப் போசிகளும் அங்கேயே இருக்கட்டும் என்று சபை சொல்லிவிட்டது. பலசரக்குக் கடை பாய் சொன்னதை நீயும் குறித்துக்கொள். இனி எந்த ஊரில் அளந்தாலும், பொறுப்பெடுத்தவனையே எண்ணச் சொல்லாதே, அதிலும் அவன் உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறவனாக இருந்தால் கிட்டேயே சேர்க்காதே. காணாமல் போனதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆளை ஊருக்குள் தேடிப் பிடி. அந்த ஆள் பெரும்பாலும் வரிசையில் கடைசியில் நிற்பார்.

ஆகவே உன் தாளில் நூற்றிருபது என்று இருப்பதை அடித்துவிட்டு நூற்று முப்பத்தொன்பது என்று போடு. அத்தனை போசிக்கும் கல் வெட்டியிருக்கிறார்கள், உலை எரித்திருக்கிறார்கள், பத்தொன்பதை நானே இருபது வளைவு ஏற்றியிருக்கிறேன். ஒன்று முந்நூற்று எண்பது கிராம், நம் கடைத் தராசில் நிறுத்தேன். டிக் போட்ட தாள்களில் எது பொய் எது நிஜம் என்று நினைவிருந்தவரை சிவப்பு மையில் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்த பிறகு கவர்தான் ஜெயித்தது என்றால், கவர் ஜெயித்தது என்றே எழுது. உன் யோசனை தோற்றுப்போகுமே என்று எனக்குக் கவலைதான். உன் அலுவலகத்தில் உன்னைக் கேள்வி கேட்பார்கள், ஒருவேளை அறிக்கையைப் பற்றி மற்ற ஊர்களில் பேச உனக்குப் பதில் வேறு யாரையாவது அனுப்புவார்கள். அது என்னால் வந்தது, உன்னால் இல்லை என்று அவர்களிடம் சொல். வேண்டுமானால் என்னைப் பேசச் சொல், வருகிறேன்.

கூரியரில் இரண்டு நாற்பத்தேழையும் அனுப்பியிருக்கிறேன். காபிச் சாக்குத் துண்டில் சுற்றியிருக்கிறேன். நீ கேட்பாய் என்று தெரியும், சாக்கு அறுபது கிராம். எது எது என்று நான் எழுதவில்லை, நீயே எடுத்துப் பார். ஒன்றின் அடி நெளிந்திருக்கும், கைப்பிடி தேய்ந்திருக்கும், மூடியின் விளிம்பில் போகாத மஞ்சள் கறை இருக்கும். அது செல்லம்மா வீட்டுச் சோறு சுமந்தது. மற்றதில் மணல் தேய்த்த கீறல் மட்டும் இருக்கும்.

படித்ததும் போன் பண்ணாதே. முதலில் எண்ணிக்கையைத் திருத்து. அப்புறம் பண்ணு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இந்த முறை எழுந்து வீட்டுக்குப் போ என்று சொல்லமாட்டேன். கடையில்தான் இருப்பேன்.

உன் அத்தா